நல்ல நிய்யத் மட்டும் போதுமா?

ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! உம்மாவுக்குக் குடலில் புற்றுநோய். காலையும் மாலையும் கேப்சிடபைன் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஸஹரில் ஒரு வேளை, இஃப்தாருக்குப் பின் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டு நோன்பு பிடிப்பேன் என்கிறார்கள். டாக்டரிடம் சொல்லக் கூடாதாம். நிய்யத் நல்லதுதானே?" என்றார்.

அம்மாத்திரையை உணவு உண்ட அரை மணி நேரத்திற்குள், சுமார் 12 மணி நேர இடைவெளியில், தண்ணீருடன் விழுங்க வேண்டும். பெரும்பாலும் 14 நாட்கள் உண்டு, 7 நாட்கள் நிறுத்துவர். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஸஹரும் இஃப்தாரும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. ஆனால் இம்மருந்து பலருக்கு வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் தருகிறது. அந்நிலையில் பகலெல்லாம் தண்ணீரின்றி இருந்தால் உடல் வறண்டு சிறுநீரகமே பழுதுபடக்கூடும். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 4 முறை கூடுதலாக வயிறு போனால் மாத்திரையை நிறுத்தி உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டரிடமே மறைத்தவர் அப்போது யாரிடம் போவார்?

செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியை நாம் அறிவோம். அதற்காக, தீங்கான செயல் நல்ல நிய்யத்தால் நற்செயலாகி விடாது. இவ்வுடல் நமக்குச் சொந்தமன்று, அமானத். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களில் அல்லாஹ் அனுமதி அளித்துள்ளான். குணமடையும் நம்பிக்கை அற்றவர் ஃபித்யா கொடுப்பார். படைத்தவன் தந்த சலுகையை மறுப்பது எப்படிப் பேணுதலாகும்?

உம்மாவைப் பார்க்கச் சென்றபோது அவ்வீட்டில் இன்னொரு நல்ல நிய்யத்தையும் கண்டேன். கர்ப்பிணியான மருமகள், மாமி விழுங்க எளிதாகட்டும் என்று மாத்திரையை வெறுங்கையால் உடைத்துக் கொடுத்து வந்தார். கித்மத்துதான். ஆனால் இது செல்களை அழிக்கும் மருந்து. கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு செய்யக்கூடியது. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நோயாளியே எடுத்து விழுங்கிவிட்டுக் கைகளை சோப்பால் கழுவ வேண்டும். பிறர் எடுத்துத் தர நேர்ந்தால் கையுறை அணிய வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

ஒரு வேளை மறந்துவிட்டால் மறுவேளை இரட்டிப்பாக உண்பதும், மிஞ்சியதை ஸதகா என்று எண்ணி வேறொரு நோயாளிக்குக் கொடுப்பதும் இவ்வகையே. நிய்யத் நல்லது, விளைவு ஆபத்து. மிஞ்சியவற்றை என்ன செய்வதென்று மருந்து தந்த இடத்திலேயே கேட்க வேண்டும்.

"முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள் உம்மா! நோன்பு கூடாது என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள்" என்றேன். "புத்தி தெரிந்த நாள் முதல் விடாத நோன்பு, ஹஜ்ரத்!" என்று அழுதார்கள். ஆரோக்கியத்தில் செய்துவந்த அமல்களின் கூலி நோயிலும் எழுதப்படும் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்தார்கள். பின்பு மகனை அழைத்து, "நாளைக்கே டாக்டரிடம் போவோம்" என்றார்கள்.

சகோதரர்களே! நல்ல நிய்யத் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அச்செயலைப் பற்றிய அறிவு நம்மிடம் இருக்கிறதா என்றும் கேட்போம். இல்லையெனில், அறிந்தவரிடம் கேட்பதும் இபாதத்தே.