வாங்கிய காரும் வந்த வினையும்

1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கார் பந்தய விளையாட்டான கிரான் துரிஸ்மோவில் ஓட்டுவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிடும். கையிருப்புக்கேற்ற காரை வாங்கி, சஸ்பென்ஷன், டயர், கியர் என ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். எல்லாக் கியர்களுக்கும் பொதுவான இறுதி விகிதத்தைக் கூட்டினால் வளைவிலிருந்து கார் சீறிக் கிளம்பும்; நேர்பாதையில் வேகம் சீக்கிரமே முட்டி நின்றுவிடும்.

பட்டர்வொர்த்தை அடுத்த பாகான் டாலாமில் இதை ஆடும் சைவ வீட்டுப் பிள்ளைக்குப் பழைய கேள்வி ஒன்று எழலாம்: தேர்வு யாருடையது? சைவ சித்தாந்தப்படி தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) நான்கும் வினைக்கேற்பவே உயிருக்கு வாய்க்கின்றன. கார் தனு, ஓடுதளம் புவனம் என்பது மேலோட்டமான பொருத்தம். உடலை உயிர் கடையில் பார்த்து எடுப்பதில்லை. வினையின் மூவகைக் கணக்கு பொருந்துவது பணத்தில்தான். சேர்ந்திருப்பது சஞ்சிதம், அதில் காராகிவிட்டது பிராரத்தம், இன்றைய பந்தயம் ஈட்டுவது ஆகாமியம்.

வினை அறிவற்ற சடம், தானே வந்து உயிரைச் சேராது, சேர்ப்பவன் இறைவன் என்கிறது சித்தாந்தம். விளையாட்டில் அவ்வேலையைச் செய்யும் நிரலும் சடமே. அது கணக்கை மட்டும் பார்க்கும். அருள அதற்குத் தெரியாது.