தீட்டும் கல்லறைத் தோட்டமும்

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவில் வீதிகளில் வழிபாடு எங்கே முடிகிறது, வாணிபம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது. இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் அத்தகைய பொதுவிடமாக விளங்கியது ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம் என்றால் நம்மில் பலர் வியப்படைவோம்.

பண்டைய உரோமையர் இறந்தோரை நகருக்கு வெளியே புதைத்தனர். பிணம் அவர்களுக்குத் தீட்டு. மறைசாட்சிகளின் கல்லறைகள்மீது ஆலயங்கள் எழுந்தபின், அவர்களருகே துயில விசுவாசிகள் விரும்பினர். இவ்வாறு இறந்தோர் ஊருக்குள் குடியேறினர். உயிர்ப்பில் கொண்ட நம்பிக்கை, சாவின் தீட்டை வென்றது. புதைகுழிகளுக்கு நடுவே சந்தை கூடிற்று, வழக்குகள் தீர்க்கப்பட்டன. பாரிசு நகரின் மாசில்லாக் குழந்தைகள் கல்லறைத் தோட்டத்தில், எலும்புகள் அடுக்கிய மாடங்களின் கீழே அமர்ந்து கடிதம் எழுதிக்கொடுத்துப் பிழைத்தவர்களும் உண்டு!

திருச்சபை இதனை முற்றிலும் விரும்பியதன்று. 1231-இல் ரூவான் சங்கம் கல்லறைத் தோட்டத்தில் நடனமாடுவதைத் தடுத்தது. 1285-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் சட்டம் ஆங்கே சந்தை கூடலாகாது என்றது. ஆயினும், சந்தை இரைச்சலைவிடப் பெருங்குறை ஒன்று அத்தோட்டங்களில் இருந்தது. திருமுழுக்குப் பெறாத பச்சிளங்குழந்தைகளுக்கும் தற்கொலை செய்துகொண்டோருக்கும் மந்திரித்த மண்ணில் இடமில்லை. அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து தற்கொலை செய்துகொண்டோர் நீங்கியது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில்தான். எத்தனை தாய்மாரின் கண்ணீர் அதற்குமுன் வேலிக்கு வெளியே விழுந்ததோ!

நம் நாட்டிலோ வேலி உள்ளேயே எழுந்தது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்தோர் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் வெல்லவில்லை. ஆனால், ஆலயத்துள் விழுந்த சுவர் கல்லறைத் தோட்டத்தில் விழவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரை எதிர்த்த போராட்டம் 2010-இல் நாடறிந்த செய்தியாயிற்று. சாவின் தீட்டை வென்ற நம்பிக்கை, பிறப்பின் தீட்டிடம் தோற்று நிற்கிறது. ஒரே நற்கருணையை உண்ட உடல்கள் மண்ணுக்கடியில் ஒன்றையொன்று எவ்வாறு தீட்டுப்படுத்தும் என்பதற்கு எந்த இறையியலிலும் விடை இல்லை. முன்னோர் வழக்கம் என்பர் சிலர். அம்முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்த திருச்சபை தொட்டி இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்லவில்லையே.

நவம்பர் 2 அன்று மெழுகுதிரி ஏற்றப் புறப்படுமுன், நம் பங்கில் யார் எங்கே புதைக்கப்படுகின்றனர், அதனை முடிவு செய்பவர் யார் என்று பங்குப் பேரவையில் கேட்டுப் பார்ப்போம். குழி வெட்டுபவரிடம் கேட்டால் விடை இன்னும் விரைவாகக் கிடைக்கும்.