அழகை நுகரும் உரிமை

சுற்றுலாக் கதைக்கு இவ்விதழில் இடமேது என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். கேள்வி நியாயமானதே. கூலி உயர்வுக்காக மக்கள் வீதிக்கு இறங்கும் நாட்டில், மலைமுகட்டில் நின்று முகிலைப் பார்த்து வந்ததை எழுதுவது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். ஆயினும் அம்முகட்டில் எம் மனத்தில் எழுந்த ஒரு வினா வீடு திரும்பிய பின்னும் எம்மை விட்டு அகலவில்லை. இயற்கையின் அழகை நுகர்வது யாருடைய உரிமை? அந்த அழகின் மடியிலேயே ஒருவன் வருந்திக்கொண்டிருக்கையில் இன்னொருவன் அதைக் கண்டு களிப்பது அறமாகுமா?

ஆகஸ்ட் விடுமுறையில் தம்பிலுவிலிலிருந்து ஒரு வானில் 11 பேர் புறப்பட்டோம். அம்மம்மா, அவருடைய இரு பெண்மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், நடக்கப் பழகும் ஒரு பூட்டப்பிள்ளை ஆக நான்கு தலைமுறை. எமது பகுதியில் குடியும் தாய்வழி, வீடும் பெண்வழி. ஆதலால் பயணத்தின் தலைவி யாரென்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. முன்னிருக்கை அம்மம்மாவுக்கு. செல்லுமிடம் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்கா.

"அங்க என்ன கோயில் இருக்கு?" என்று அம்மம்மா கேட்டார். கோயில் இல்லை என்றதும், "மறுகா ஏன் போறம்?" என்றார். பிள்ளைகள் சிரித்தனர். நாமும் சிரித்தோம், சிரித்திருக்கக் கூடாது. அவர் காலத்து வயற்காரக் குடும்பத்துக்கு 'விடுமுறை' என்றொரு பொருள் தெரியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் கதிர்காமம்: இவையே உழைப்புக்கு இடையில் அவர்கள் பெற்ற ஓய்வு. இளம்வயதில் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து, உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, குமண வழியாகக் காட்டுக்குள் நாட்கணக்காக நடந்து கதிர்காமம் சேர்ந்தவர் அவர். அந்தக் காட்டின் ஒரு பகுதி 1938 இல் யால தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தாம் நடந்தது ஒரு தேசியப் பூங்கா என்பது அம்மம்மாவுக்கு வானில் வைத்துத்தான் தெரியவந்தது. "அது முருகன்ட காடு மனே" என்று திருத்தினார்.

நள்ளிரவில் புறப்பட்டுப் பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய எனச் சென்ற எமது வான், விடியும்வேளை கொஸ்லந்தை மலையில் ஏறியது. பாதையோரத்தில் தியலும அருவி 200 மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து வெண்ணூலாய் இறங்குகிறது. இளையோர் இறங்கிப் படம் பிடித்தனர். அங்கிருந்து சிறிது தூரத்தில் மீரியபெத்த தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை அம்மலைச்சரிவு இடிந்து லயன் வரிசைகளை விழுங்கியது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த மண் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளிக்குப் பெயர்ந்து செல்ல வேறு நிலம் ஏது? பிறந்த நாட்டிலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள். 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே எனத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டவர்கள். அவர்களுடைய லயனுக்கு மேலே இருந்த மலையும் அழகிய மலைதான். அருவியைப் போலவே படம் பிடிக்கத் தகுந்தது.

இதைச் சொன்னபோது அம்மம்மா எதுவும் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 ஐ அறிந்த கரையோரத்தவருக்கு விளக்கம் தேவையில்லை. அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டார் எமது கடலை உலகின் அழகிய கடல்களில் ஒன்று என்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடலை நாம் வேறொரு கண்ணாலும் பார்க்கிறோம். மலையகத்தான் தன் மலையைப் பார்ப்பதும் அவ்வாறே இருக்கும் என்பதை, மலைக்கு விருந்தினராகச் சென்ற நாம் எண்ணிப் பார்த்திருந்தோமா?

சமவெளியின் சரித்திரத்தையும் சற்று நோக்குவோம். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த ஹோட்டனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1834 இல் வெள்ளைப் படையினர் அதனைக் 'கண்டுபிடித்தார்கள்' என எழுதிவைத்துள்ளனர். சிங்கள மக்களோ அதனை மகா எலிய என்றே வழங்கிவந்தனர். பிறகு வேட்டைக்காரர் வந்தனர். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டைநாய்களை ஏவி மரை துரத்திய இடங்கள் இம்மலைகள். அவர் பெயரால் அங்கொரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. முன்பு அங்கே திரிந்த யானைகள் இன்று இல்லை. 1840 இல் இயற்றப்பட்ட காணிச் சட்டம் உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. காடு அழிந்து கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி மாண்டு தேயிலை வந்தது. தாவரவியலாளர் ஹூக்கர் 1873 இல், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாமென ஆலோசனை கூறினார். கீழே தோட்டமும் வயலும் பிழைக்க மேலே காடு நீரைப் பிடித்துத் தரவேண்டும் என்பதே காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அம்மேட்டில் ஊற்றுகள் உண்டு. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசியப் பூங்காவாகவும், 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாகவும் சமவெளி ஆயிற்று. இந்த வரிசை எமக்கு ஒன்றை உணர்த்துகிறது. மரத்தை வெட்டியதும் மரத்தைக் காத்ததும் ஒரே ஆட்சிதான். வெட்டிய நிலத்தில் உழைப்பவனை நிறுத்தியது. காத்த நிலத்தில் துப்பாக்கியோடு தான் உலாவியது.

காட்டைக் காத்தது தவறென்று நாம் கூறவில்லை. மேற்குறித்த ஆறுகளைக் குடித்து வாழும் எவனும் அவ்வாறு கூறான். காப்பதன் பெயரால் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதே கேட்கத்தக்கது. 1872 இல் அமெரிக்காவில் யெலோஸ்ரோன் உலகின் முதற் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோதும், அங்கே தலைமுறைகளாகத் திரிந்த பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர்.

வாயிலில் பொலித்தீன் உறைகளைப் பரிசோதித்து வாங்கிக்கொண்டனர், நல்ல வழக்கம். அம்மம்மாவுக்கு முழுச் சுற்று இயலாது. அது 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அவரையும் பூட்டப்பிள்ளையையும் பழைய வேட்டை விடுதியருகே, மரைகள் அச்சமின்றி மேயும் புல்வெளியோரம், ஒரு மகளோடு அமர்த்திவிட்டு ஏனையோர் நடந்தோம். 'உலக முடிவு' என்னும் விளிம்பை அடைந்தபோது மணி எட்டரை. இன்னும் சற்றுப் பிந்தினால் முகில் ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். நிலம் அங்கே அறுந்து 800 மீற்றருக்கு மேல் கீழே விழுகிறது. எட்டிப் பார்த்தோம். உலகத்தின் முடிவில் நேர்கீழே தெரிந்தது எதுவென நினைக்கிறீர்கள்? ஒரு தேயிலைத் தோட்டம். பச்சைச் சரிவில் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல லயன்கள். அங்கே புள்ளிகளாய் நகர்ந்தவர் எவர் முகமும் எமக்குத் தெரியவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து நோக்கினால் வறுமையும் அழகாகவே இருக்கும்.

எம்முள் ஒருவர், "இதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, வந்திருக்கவே கூடாது" என்றார். இந்தத் துறவுக் குரல் முற்போக்காளரிடையே புதிதன்று. நாம் இதனை ஏற்கவில்லை. 1932 ஏப்ரில் 24 இல் மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினர். பிரபுக்கள் பறவை சுடுவதற்கென அடைத்து வைத்திருந்த நிலம் அது. ஐவர் சிறை சென்றனர். பிரித்தானியாவில் 1949 இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்ததன் பின்னே அந்த நடையும் உண்டு. பிரான்சில் 1936 வேலைநிறுத்தங்களின் பின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு ஆண்டில் இரு வாரம் சம்பளத்தோடு விடுமுறை அளித்தது. அவ்வாண்டில் முதன்முறையாகக் கடலைக் கண்ட தொழிலாளர் பலர். அழகு வேண்டாமென அவர்கள் போராடவில்லை; தமக்கும் வேண்டுமென்றே போராடினர். 1948 ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரையும் ஓய்வை உரிமையென்றே கூறுகிறது.

அழகு வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது எனக் கூறும் கலைவாதிகளோடும் நாம் உடன்பட முடியாது. காட்சி எல்லார்க்கும் பொதுவாயிருக்கலாம். அதைப் பார்க்கத் தேவையான பகற்பொழுது பொதுவன்று. இதை வாசிக்கும் ஆசிரியரைக் கேட்போம்: ஆகஸ்டில் பள்ளி மூடியிருக்கையிலும் உங்கள் சம்பளம் வருகிறதன்றோ? கடைச் சிப்பந்திக்கும் காரியாலய ஊழியருக்கும் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் 14 நாள் வருடாந்த லீவு தந்தது. உங்கள் மாணவனின் தகப்பன், வெட்டுக் காலத்தில் வயலில் கூலிக்கு நிற்பவன், எந்தச் சட்டத்தின் கீழ் மலைக்குப் போவான்?

திரும்பும் வழியில், அப்புத்தளைக்கு அண்மையில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பேரன் படம் எடுக்க முனைந்தான். அம்மம்மா அதட்டினார். "ஏன் மனே, அந்தப் புள்ள வேலை செய்யிற நேரத்தில மறிச்சு நிக்கிறாய்? ஒண்ட வயலுக்குள்ள எவனும் வந்து உன்னைப் படம் புடிச்சா விடுவியா?" கூடைக்காரப் பெண்ணுக்கு இது கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சுத் தொடங்கிற்று. உலக முடிவுக்குப் போனதுண்டா என்றோம். "பள்ளிக்கூடத்துல புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனாங்க. எங்களுக்கு நேரம் ஏதுங்க?" என்றார். பிறகு, நாம் கடற்கரை ஊரவர் என்றறிந்ததும், அம்மம்மாவிடம் கேட்டார்: "கடல் எப்படிங்க இருக்கும், பாட்டி?"

அம்மம்மா உடனே விடை கூறவில்லை. "பெரிசு புள்ள," என்றார் கடைசியில். "ஒரு நாளைக்கு வா. எங்கட வீட்டதான் நிக்கணும்." வீட்டின் இருப்பிடத்தையும் சொல்லிவைத்தார்.

வானில் ஏறியபின் மூத்த பேத்தி கணக்குப் பார்த்தாள். வர ஒரு நாள், தங்க ஒரு நாள், போக ஒரு நாள். புருஷனும் மனைவியுமாய் ஆறு நாட் சம்பளம் போகும். அதன்மேல் நான்கு பேருக்கு பஸ் காசு. அம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அவள் வரமாட்டாள்" என்றார்.