பெயர்ப் பலகையும் முகமும்

புகழ்பெற்றோரின் நிழற்படங்கள் வைக்கப்பட்டுள்ள காட்சியரங்குகளில் ஒரு வழக்கத்தைக் காணலாம். படத்தின் முன் வந்து நிற்பவரின் கண்கள், முகத்தைச் சற்று நோக்கியவுடனே, கீழே ஒட்டப்பட்டுள்ள பெயரைத் தேடிச் செல்கின்றன. தெரிந்த பெயராயின் மீண்டும் முகத்தை நோக்குகிறார். தெரியாத பெயராயின் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். அவ்வாறாயின் நாம் பார்ப்பது மனிதரையா, அவரைப்பற்றி நாம் முன்னரே கொண்டுள்ள எண்ணத்தையா? சிறு வினாவாகத் தோன்றினும் இஃது அறத்தைச் சார்ந்த வினாவாகும்.

கடந்த நூற்றாண்டின் பெரியோர் பலரைப் படமெடுத்தவர் யூசுஃப் கார்ஷ். 1908இல், இன்று துருக்கியிலுள்ள மார்தின் நகரில், ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்மீனியர் கொன்று குவிக்கப்பட்ட நாள்களில் உற்றாரை இழந்து, இளமையிலேயே கனடாவுக்குச் சென்று, ஆட்டவா நகரில் நிழற்படக் கூடம் அமைத்தார். 2008இல், அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி, அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. அத்தகையதோர் அரங்கில் நாமும் நடப்பதாக எண்ணி, மூன்று படங்களின் முன் மட்டும் சற்றே நிற்போம்.

முதற்படம் வின்ஸ்டன் சர்ச்சிலுடையது. 1941 டிசம்பர் 30ஆம் நாள் கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு அவைத்தலைவரின் அறைக்கு வந்த அவருக்கு, தம்மைப் படமெடுக்க ஒருவர் காத்திருப்பது தெரியாது. எரிச்சலுடன் இசைந்தார், ஆயின் வாயிலிருந்த சுருட்டை எடுக்கவில்லை. கார்ஷ் அருகில் சென்று, மன்னிப்பு வேண்டியவாறே, அச்சுருட்டைப் பறித்துவிட்டார். உடனே பதிவானதுதான் உலகறிந்த அச்சீற்றம். இட்லருக்கு அஞ்சாத ஒரு நாட்டின் நெஞ்சுறுதியை அம்முகத்தில் பிரித்தானியர் கண்டனர். 2016இல் வெளிவந்த ஐந்து பவுண்டு பணத்தாளிலும் அது இடம்பெற்றது. 1943இல் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டதை மறவாத இந்தியர் ஒருவரோ அதே முகத்தில் இரக்கமற்ற ஆட்சியாளரைக் காணக்கூடும். அன்று அவர் சினந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு சுருட்டு! சில கணங்களுக்குப் பின் எடுத்த மற்றொரு படத்தில் சர்ச்சில் புன்னகை புரிகிறார். அதனை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே.

படம் பொய்யுரைத்ததா? இல்லை, சினம் உண்மையே. அதற்குப் பொருள் தந்தவர்கள் நாம். சர்ச்சிலைப் பற்றிய தீர்ப்பை அவருடைய செயல்களில் தேடவேண்டும். முகத்தில் தேடினால், நாம் கொண்டுசென்றதையே திரும்பப் பெற்று வருவோம்.

இரண்டாம் படம், குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் செவிப்புலனையும் இழந்த ஹெலன் கெல்லருடையது, 1948இல் எடுக்கப்பட்டது. முதன்முதலாகச் சந்தித்தபோது அவர் தம் விரல்களைக் கார்ஷின் முகத்தின்மீது வைத்து அவரை அறிந்துகொண்டாராம். படமெடுக்க வந்தவரே முதலில் படிக்கப்படுகிறார். காமிரா தொலைவில் நின்று எடுத்துக்கொள்கிறது. விரல்களோ அருகில் வந்தாலன்றி அறிய இயலா. ஒருவரை அறிய விரும்புவோர் தாமும் அறியப்பட இசையவேண்டும் என்பதை அந்தக் கைகள் நமக்கு உணர்த்துகின்றன.

மூன்றாவது, செல்லோ இசைக்கலைஞர் பாப்லோ காசல்ஸ். ஸ்பெயினில் ஃபிராங்கோவின் ஆட்சியை ஏற்க மறுத்து, பிரான்சு நாட்டில் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர். 1954இல், அங்குள்ள பழைய துறவுமடம் ஒன்றில் அவர் தம்மை மறந்து வாசிக்க, கார்ஷ் அவருடைய முதுகைப் படமெடுத்தார். வெறுஞ்சுவர், உயரத்தில் ஒரு சிறு சாளரம், குனிந்த முதுகு; அவ்வளவே. இப்படம் பாஸ்டனில் வைக்கப்பட்டிருந்தபோது முதியவர் ஒருவர் நாள்தோறும் வந்து நெடுநேரம் அதன்முன் நின்றாராம். காரணம் கேட்டபோது, தாம் இசை கேட்டுக்கொண்டிருப்பதாகவும், பேசாதிருக்கும்படியும் சொன்னாராம். தாம் கேள்விப்பட்ட இச்செய்தியைக் கார்ஷ் எழுதிவைத்துள்ளார். முகமே காட்டாத படத்தின் முன் ஒருவர் அத்துணை நேரம் நின்றது எண்ணத்தக்கது. அங்கே அவர் எதையும் தேடி எடுக்க முயலவில்லை, காத்திருந்தார்.

புரோசோப்போன் என்னும் கிரேக்கச் சொல் முகத்தைக் குறிக்கும். நாடகக் கலைஞரின் முகமூடியையும் குறிக்கும். பிற்காலத்தில் திருச்சபைத் தந்தையர் மூவொரு இறைவனைப் பற்றி எண்ணி எழுதியபோது, 'ஆள்' என்னும் ஆழ்ந்த பொருளையும் அச்சொல் ஏற்றது. முகமூடி, முகம், ஆள் என இவற்றை மூன்று படிகளாகக் கொள்ளலாம். புகழ் நம்மை முதற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. பிறருடைய முகம் நம் அறிவுக்குள் அடங்கும் பொருளன்று, நம்மிடம் பொறுப்பைக் கோருவது என மெய்யியலார் எம்மானுவேல் லெவினாஸ் 1961இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அப்பொறுப்பு பெயர் கேட்டு வருவதன்று.

புகழ்பெற்றவரைப் பெயரால் மூடுகிறோம். எளியவரைப் பெயரில்லை என்று கடந்துபோகிறோம். இரண்டும் பாராமையே. ஆண்டுக்கணக்காக நம் வாசலில் பால் ஊற்றிச் செல்பவரின் முகம் நமக்கு நினைவிருக்கிறதா? அவர் முன் நாம் எத்தனை நொடி நின்றிருக்கிறோம்?