கலங்கிய மனமும் அய்யாவின் தர்மமும்



அய்யாவின் அன்புக்கொடி மக்களே, வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. ஊரையும் உறவையும் விட்டுவந்து, இரவு பகல் மாறி மாறி ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள் இவ்வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். தூக்கம் கெட்டால் மனமும் கலங்கும். ஒரு பிள்ளை சோறு தண்ணீர் மறந்து, காதில் யாரோ பேசுகிறார்கள் என்று அழுதால், "பேய் பிடித்திருக்கிறது, மந்திரவாதியிடம் கொண்டு போங்கள்" என்று ஊரிலிருந்து போன் வரும். அப்போது அன்புக்கொடி மக்கள் செய்ய வேண்டியது என்ன?

மந்திரவாதமும் பலியும் கைக்கூலியும் ஆகாது என்று விலக்கியவர் அய்யா வைகுண்டர். ஆகவே அந்த வாசல் அடைத்த வாசல். பதிக்குப் போவதும், நாமம் தரிப்பதும், பந்தியில் ஒன்றாய் அமர்ந்து உண்பதுமே மக்கள் அறிந்த வழி.

இப்படிப்பட்ட வழியில் பலன் உண்டா என்று மனநல விஞ்ஞானமும் பார்த்திருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக 6 வாரம் தங்கியதில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. மிரட்டாத, ஆதரவான இடமே காரணமாகலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆனால் குறைந்தது 20 சதவீதம்தான். மீதி நோய் மீதியாகவே நின்றது. அதற்கு மருத்துவர் வேண்டும்.

ஆதரவு இல்லாத இடத்தில் நடந்ததையும் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்று பெயரிட்ட கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டுண்டதால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முற்றாகத் தடுத்திருக்கிறது.

ஆகவே மாத்திரை உண்பது அய்யாவை நம்பாத குற்றம் ஆகாது. பதிக்கு வந்தவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்வதே குற்றம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும். மருத்துவரிடம் கூடப் போவதும், பந்தியில் பக்கத்தில் இடம் கொடுப்பதும் உறவினர் கடமை.

பள்ளியறைக் கண்ணாடி முன் கலங்கிய பிள்ளை வந்து நின்றாலும் அதில் தெரிவது நாமம் தரித்த முகமே. அந்த முகத்தைப் பேய் என்று சொல்ல யாருக்கு உரிமை?

தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம். அய்யா துணை.