ராகுவுக்குக் கிழமை தெரியுமா?

கெட்ட எண் என்ற அச்சம் எங்கே பிறந்தது என்று தேடினால், பல சமயம் மொழியிலும் எழுத்திலும் போய் நிற்கிறோம். சீனர்களும் ஜப்பானியர்களும் 4-ஐக் கண்டு அஞ்சுகிறார்கள். அவர்கள் மொழிகளில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. இத்தாலியர்களுக்கு ஆகாத எண் 17. அதன் ரோமானிய எழுத்துகளை இடம் மாற்றினால் 'வாழ்ந்துவிட்டேன்', அதாவது 'என் வாழ்வு முடிந்தது' என்ற லத்தீன் சொல் வருமாம். இங்கே சனியின் எண் என்று பலர் ஒதுக்கும் 8, சீனர்களுக்குச் செல்வத்தின் எண். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்குத்தான் தொடங்கினார்கள். எல்லை தாண்டினால் குணம் மாறிவிடும் தீமையை இயற்கையின் விதி என்று எப்படி ஏற்பது?

எண்ணைவிட நம் வாழ்வில் ஆழமாக வேரூன்றியது ராகு காலம். சந்திரனின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளில் ஒன்றுக்கே ராகு என்று பெயர்; அது உடல் கொண்ட கோள் இல்லை. வானை ஒரு சுற்று வர அதற்குச் சுமார் 18.6 ஆண்டுகள் ஆகும். ராகு விழுங்குவதாகச் சொல்லப்பட்ட கிரகணம் நிழலால் வருவது என்று ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதிவிட்டார். இவ்வளவு மெல்ல நகரும் புள்ளி, திங்களன்று ஏழரைக்கும் செவ்வாயன்று மூன்றுக்கும் எப்படித் தாவும்? பகலை எட்டுக் கூறாக்கி, முதல் கூறை விட்டுவிட்டு, மற்ற ஏழையும் ஏழு கிழமைகளுக்குப் பங்கிட்டதால் வந்த கணக்கு அது. கிழமையோ மனிதர் வைத்த பெயர். பசிபிக் தீவு நாடான சமோவா, வணிக வசதிக்காகத் தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறியபோது, 2011 டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையையே நாட்காட்டியிலிருந்து நீக்கியது. அருகிலுள்ள அமெரிக்க சமோவா மாறவில்லை. அன்று முதல், இரு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழும் சூரியன் ஒன்றில் சனிக்கிழமையைத் தொடங்கிவைத்தால் மற்றதில் வெள்ளிக்கிழமையைத் தொடங்கிவைக்கிறது. நம் கணக்குப்படி ஒன்றில் பகலின் மூன்றாம் கூறும் மற்றதில் நான்காம் கூறும் ராகு காலம். வானம் ஒன்றுதான், மாறியது அரசு ஆணை.

தலைமுறைகளின் அனுபவம் பொய்யாகுமா என்று கேட்பார்கள். ராகு காலத்தில் தொடங்கிக் கெட்ட காரியம் ஊர்வாயில் நிற்கும். அதே நேரத்தில் தொடங்கி நன்றாக நடந்ததை யாரும் நினைவில் வைப்பதில்லை. நல்ல நேரம் பார்த்துத் தொடங்கி நொடித்த கடைகளையும் சேர்த்து எண்ணினால்தானே அனுபவம் சாட்சியாகும்?

இன்னொரு கேள்வியை நான் மதிக்கிறேன்: மனநிம்மதிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதில் என்ன கேடு? நிச்சயமின்மைக்கு முன் நிற்கும் மனிதனுக்குப் பிடிமானம் வேண்டும்தான். திருமணத்தையும் புதுமனை புகுதலையும் விருப்பம்போல் தள்ளிவைக்கலாம், யாருக்கும் இழப்பில்லை. ஆனால் அதே பழக்கம் மருத்துவமனை வாசல்வரை வந்துவிடுகிறது. அறுவைப் பிரசவத்துக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மருத்துவர் சொல்லும் நேரத்தையும் பஞ்சாங்கம் சொல்லும் நேரத்தையும் ஒரே தட்டில் வைக்கும்போது நிம்மதியின் விலையை வேறோர் உயிர் கொடுக்க நேரலாம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், தயவுசெய்து ஒன்பது மணிவரை காத்திருக்காதீர்கள்.