வினைப்பயனும் நோய் தணித்தலும்

விருத்தாசலத்தினின்று உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் வழியிலே மங்கலம்பேட்டை உளது. அவ்வூரார்க்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூரார்க்கும் அண்மையிலுள்ள பெருந்தலம் விருத்தகாசி எனப்படும் திருமுதுகுன்றமேயாம். அத்தலத்தில் உடல்விடும் உயிர்களை அம்மை தன் மடிமீது கிடத்தி முன்றானையால் வீசி இளைப்பாற்ற, அப்பன் செவியிலே மந்திரத்தை உபதேசித்தருளுவன் என்பது வழிவழி வந்த கொள்கை. கந்தபுராணத்தும் இச்சிறப்புக் கூறப்பட்டுளது. இறந்தார் என்பை மணிமுத்தாற்றில் இடுதற்கு மக்கள் வருதலும் இதனோடு இயைந்த நம்பிக்கை பற்றியேயாம்.

இவ்வரலாற்றைக் கேட்டார் பலர். அதனுள் அம்மைக்குரிய தொழிலை உற்று நோக்கினார் சிலரே. உயிரைக் கரையேற்றுதற்கு உபதேசம் ஒன்றே அமையுமாயின், வெம்மையால் தவிக்கும் உடலுக்கு முன்றானையால் வீசுதல் எற்றுக்கு? சிறிது பொழுதில் நீங்கவிருக்கும் உடலன்றோ அது?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சியன்று. தீராப் பிணியால் கிடப்பார் அருகிலிருந்து, 'பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும். இவர் நோவை மருந்தால் தணிப்பின் எஞ்சிய வினை மறுபிறப்பிற்கு மூலமாகும்' என்று மொழிவார் இன்றும் உளர். சமயநூல் கற்றாரே இதனைக் கூறுங்கால் வீட்டார் மருத்துவனை அழைக்கவும் அஞ்சுகின்றனர். ஆதலின் இக்கூற்று ஆராயத்தக்கது.

பசியும் பிராரத்தமே. பசித்தார்க்குச் சோறிடுதல் அவர் வினையை மறித்தலாம் என்று எந்தச் சைவரும் கூறார். மகேசுவர பூசையைச் சிறந்த அறமெனவே போற்றுவர். பசிக்கு ஒரு நீதியும் புற்றுநோய்க்கு வேறொரு நீதியும் உரைத்தல் யாங்ஙனம் பொருந்தும்? அன்றியும், ஒருவனது வினையின் அளவை அறிந்து ஊட்டுவான் இறைவனே. அருகிருப்பானுக்கு அவ்வளவு தெரியாது. நோவு வந்தது வினையாலெனின், மருந்து கிடைத்து நோவு தணிதலும் அவனது நல்வினையால் வந்ததென்று கொள்ளத் தடை யாது? சிவஞான சித்தியார் வினைப்பயனை ஊட்டும் இறைவனை மருத்துவனுக்கு ஒப்பிடும். அறுத்தும் கீறியும் மருத்துவன் செய்வன பிணி தீர்தற்பொருட்டேயன்றி நோயாளி அலறுதற்பொருட்டல்ல.

பிறிதொன்றும் உண்டு. கடுநோவினால் நெரிவார்க்கு இறைநினைப்புக் கூடுதல் அரிது. சாங்காலத்து அறிவு மயங்கும் நிலையை எடுத்துக்கூறி, அந்நிலையிலும் அச்சம் தீர்ப்பான் இறைவன் என்று திருஞானசம்பந்தர் திருவையாற்றுப் பதிகத்து அருளினார். நோவைத் தணித்து நினைவைத் தெளிவித்தல் அவ்வருளுக்குத் துணைசெய்தலேயாம்.

கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில் நிகழ்ந்ததும் ஈண்டு நினையத்தகும். சூலைநோயால் துடித்து இரவிலே வந்த தம்பியார்க்குத் திலகவதியார் வினைக்கணக்கு உரைத்தாரல்லர். பிற சமயம் புகுந்து தம்மை வருத்திய தம்பி என்று இடித்துரைத்தாருமல்லர். திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். நோயாளியின் கட்டிலருகே நின்று 'எப்பிறப்பில் என்ன பாவம் செய்தாரோ' என்று முணுமுணுப்பார் அவ்வம்மையார் வரலாற்றைப் படித்தும் பயனிலர்.

நோவு தணித்தல் வேறு. உயிரைப் போக்குதல் வேறு. தலைக்கூத்தல் என்னும் பெயரால் முதியோர்க்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் பருகுவித்து, இறப்பை வருவிக்கும் வழக்கம் தென்மாவட்டங்கள் சிலவற்றில் உண்டென்பது 2010-ஆம் ஆண்டில் விருதுநகர்ப் பக்கத்துச் செய்திகளால் பலர்க்கும் தெரியவந்தது. பரிவு என்னும் போர்வை போர்த்தினும் அது கொலையே. தேறும் வழியற்றார்க்கு உயிரை நீட்டிக்கும் கருவிகளை நிறுத்துதல் அதனின் வேறு. அதனை 2018 மார்ச்சு 9-இல் உச்ச நீதிமன்றம் வரையறைகளோடு ஒப்பியது. நோயாளி தன் விருப்பத்தை முன்னரே எழுதிவைத்தலும் அத்தீர்ப்பால் ஏற்கப்பட்டது. அதற்குரிய நடைமுறையை அந்நீதிமன்றமே 2023-இல் எளிதாக்கியது.

இலண்டன் மாநகரில் 1967-இல் சிசிலி சாண்டர்சு அம்மையார் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவி, உடல்நோவோடு மனநோவும், குடும்பக் கவலையும், ஆன்மக் கலக்கமும் ஒரே துன்பத்தின் கூறுகள் என்று காட்டினார். கேரளத்திற் கோழிக்கோட்டிலே 1993-இல் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கம் அத்தொண்டை ஊரார் கையிலும் ஒப்புவித்தது. பயிற்சி பெற்ற அயலார் வீடுதோறும் செல்கின்றனர். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்திலும் இத்தகைய வீட்டுப் பராமரிப்பு இடம்பெற்றுளது. கடுநோவிற்குக் கைகண்ட மருந்தாகிய மார்பின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. அபினை நம் நாடே அரசின் அனுமதியோடு விளைவிக்கின்றது. எனினும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகட்கே அம்மருந்து கிட்டுதல் அரிதாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. பழக்கத்திற்கு அடிமையாவரென்ற அச்சத்தால் மருந்தை மறுப்பார் இன்னும் உளர். மருத்துவர் அளவறிந்து கொடுக்குங்கால் அவ்வச்சம் பெரும்பாலும் வீணே.

இனிக் குடும்பத்தார். மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தலும், படுக்கைப்புண்ணைத் துடைத்தலும், நள்ளிரவில் கஞ்சி புகட்டுதலும் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஆகிய ஒருத்தியின் தலையில் விழுகின்றன. காண வருவோர் நோயாளியை நோக்கி இரங்கிப் போவர். அவளை உண்டாயா என்று வினவுவாரும் அரியர். ஓரிரவு அவளை உறங்கச்செய்து தாம் விழித்திருக்கும் அயலார் செய்வது பெருந்தொண்டு. உலக சுகாதார நிறுவனம் இத்தொண்டிற்கு வகுத்த இலக்கணத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் அடங்குவர். இறப்பிற்குப் பின்னுள்ள துக்கக்காலமும் அடங்கும். கருமாதி முடிந்து உறவினர் கலைந்த பின்னரும், மருந்து கொடுத்துப் பழகிய அந்நள்ளிரவு வேளையிலே அவளுக்கு விழிப்பு வந்துகொண்டேயிருக்கும். அவள் வீட்டிற்கு ஒருவர் செல்லவேண்டிய காலம் அதுவேயாம்.